மகனுக்குப் பேச்சு திக்குகிறது: பிழை என்னுடையதா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மூத்த மகனுக்கு ஏழு வயது. தமிழ் மொழிமூலம் தரம் 2 படிக்கிறான். மூன்றரை வயதில் ஒருநாள் திடீரென்று "அ-அ-அம்மா" என்று திக்கத் தொடங்கினான். வளர வளரச் சரிவரும் என்று எல்லோரும் சொன்னார்கள். சில மாதங்கள் குறையும், பிறகு திரும்ப வரும். இப்போது சில சொற்களில் வாய் திறந்தபடி நிற்கிறான், சத்தமே வராது, கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறான். ஆனால் தேவாரம் பாடினால் ஒரு தடங்கலும் இல்லை. வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது பதில் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்துகிறானாம். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். அவர் தொலைபேசியில் அழைத்தால் மகன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். தம்பி பிறந்த நேரம் இவனை நான் நிறைய ஏசியிருக்கிறேன். அதனால் வந்ததோ? நாய் துரத்திய பயம் என்கிறார் மாமி. மூன்று மொழியும் சேர்ந்து குழப்பிவிட்டது என்கிறார் ஒரு டீச்சர். நாக்கின் அடியை வெட்டினால் சரிவரும் என்றும் சொல்கிறார்கள். இதற்கிடையில் வாணி விழாப் பேச்சுப் போட்டிக்கு அவனே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நிறுத்தவா, விடவா? கணவரின் தம்பிக்கும் சின்ன வயதிலிருந்து திக்கும். அதை வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் வருகிறேன். நீங்கள் ஏசியதால் மகனுக்குத் திக்கல் வரவில்லை. தம்பி பிறந்ததாலும் வரவில்லை, நாய் துரத்தியதாலும் வரவில்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. திக்கலைப் பற்றி இன்று தெரிந்தவற்றை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஒரு சொல் வாயிலிருந்து வர மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு, தாடை எல்லாம் சரியான நேரத்தில் அடுத்தடுத்து அசைய வேண்டும். அந்த நேரத்தைக் குறித்துக் கொடுப்பது மூளை. திக்குகிற பிள்ளைகளின் மூளையில், பேச்சை நடத்துகிற இடப்பக்கப் பகுதிகளை இணைக்கும் நரம்புப் பாதைகள் சற்று வேறுவிதமாக அமைந்திருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். சொல்லும் தயாராக இருக்கும். பாடகர் எடுத்துவிட்டார், மிருதங்கம் ஒரு அடி பிந்தி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில்தான் சொல் சிக்குகிறது. புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயந்த சுபாவத்துக்கும் சம்பந்தமில்லை.

அவன் தேவாரத்தைத் தடங்கலில்லாமல் பாடுவதில் ஆச்சரியம் இல்லை. பாட்டில் தாளம் முன்கூட்டியே இருக்கிறது, சொற்கள் மனப்பாடம், பதிலுக்காக எவரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை. பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசித்தாலும், தனியே விளையாட்டுச் சாமான்களோடு கதைத்தாலும் திக்கல் பெரும்பாலும் காணாமல் போய்விடும். "பாட ஏலுமென்றால் கதைக்க ஏன் ஏலாது, வேணுமென்று செய்கிறான்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

கணவரின் தம்பிக்கும் திக்கும் என்பதைக் கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை அதுதான் முதல் வரி. திக்கலில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. பாகிஸ்தானில் திக்கல் உள்ள பலர் இருந்த குடும்பங்களை ஆராய்ந்தபோது, அதனோடு தொடர்புடைய மரபணு மாற்றங்கள் 2010ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்டன. அதற்குப் பிறகு வேறு மரபணுக்களும் தெரியவந்தன. ஆண்பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது, கூடுதலாக நீடிக்கவும் செய்கிறது. பரம்பரை என்றதும் "உங்கள் பக்கத்தால் வந்தது" என்று வீட்டில் இன்னொரு சண்டை வேண்டாம். அது எவருடைய குற்றமும் இல்லை.

அப்படியென்றால் நாயும் ஏச்சும் ஏன் எல்லோருக்கும் ஞாபகம் வருகின்றன? திக்கல் பெரும்பாலும் தொடங்குவது இரண்டுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்ட வயதில். பிள்ளை ஒற்றைச் சொல்லிலிருந்து நீளமான வசனத்துக்குத் தாவுகிற காலம் அது. தம்பியோ தங்கையோ பிறப்பதும், முன்பள்ளிக்குப் போகத் தொடங்குவதும், வீடு மாறுவதும் அதே காலத்தில்தான். சில பிள்ளைகளுக்கு ஓரிரு நாளிலேயே திக்கல் வந்துவிடும். அந்தக் கிழமையில் வீட்டில் என்ன நடந்தது என்று தேடினால் ஏதாவது ஒன்று கட்டாயம் அகப்படும்.

பெற்றோரைக் குற்றம் சொல்வது நம் ஊரில் மட்டும் இருந்த பழக்கம் இல்லை. 1930களில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வென்டல் ஜான்சன் என்ற பேராசிரியர், பெற்றோர் திக்கல் திக்கல் என்று கவனிப்பதால்தான் பிள்ளைக்குத் திக்கல் உண்டாகிறது என்று கருதினார். அதைச் சோதிக்க 1939இல் ஓர் அனாதை இல்லத்தில் 22 பிள்ளைகளை வைத்து ஆய்வு செய்தார்கள். சரளமாகப் பேசிய சில பிள்ளைகளிடமும் "உனக்குத் திக்குகிறது, பார்த்துப் பேசு" என்று மாதக்கணக்கில் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகள் திக்குகிறவர்களாக மாறவில்லை. ஆனால் சிலர் பேசவே கூசினார்கள், வகுப்பில் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். அந்தக் கொடுமைக்காக 2001இல் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிள்ளையைத் திரும்பத் திரும்பத் திருத்துவதால் திக்கல் உண்டாகாது, ஆனால் பிள்ளை மௌனமாகிவிடலாம். உங்கள் மகன் குளியலறைக் கதவைச் சாத்துவதை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக்கின் அடியை வெட்டுவது திக்கலுக்கு மருந்தே இல்லை. அங்குள்ள சவ்வு இறுகியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பில் சிரமம் வரலாம், அது வேறு விஷயம். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசவைப்பது ஆபத்து, தொண்டையில் சிக்கினால் உயிருக்கே மோசம். வசம்பு தேய்ப்பதும் உதவாது. திக்கலுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையோ பாணியோ இல்லை. இத்தனை நாளில் முழுதாகக் குணப்படுத்துவேன் என்று உத்தரவாதம் தருகிற இடத்துக்குப் போக வேண்டாம்.

மூன்று மொழி விஷயத்தில் டீச்சர் சொன்னதைக் கேட்டு எதையும் நிறுத்தாதீர்கள். கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் சிங்களம், வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்வது சாதாரணம். ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பழகுவதால் திக்கல் வருவதில்லை. புதிதாகப் படிக்கிற மொழியில் சொல் தேடித் தயங்குவதைத் திக்கல் என்று நினைத்துவிடுவதும் உண்டு. வீட்டுத் தமிழைக் குறைத்தால் அம்மம்மா அப்பம்மாவோடு மனம்விட்டுக் கதைக்கும் வழியைத்தான் அவன் இழப்பான்.

இனி நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி ஒன்று. இது தானாக விடுமா? மறைக்காமல் சொல்கிறேன். சிறு பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கு ஏதோ ஒரு காலத்தில் திக்கல் வருகிறது. அவர்களில் நாலில் மூன்று பங்கு அளவில் தானாகவே விட்டுவிடுகிறது. பெரியவர்களில் நூற்றுக்கு 1 ஆள் அளவில் அது மிஞ்சுகிறது. விடுகிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தொடங்கிய முதல் இரண்டு, மூன்று வருடங்களுக்குள் விட்டுவிடும். உங்கள் மகனுக்குத் தொடங்கி மூன்றரை வருடமாகிறது, ஆண்பிள்ளை, குடும்பத்திலும் இருக்கிறது. ஆகவே இனியும் பார்த்துக்கொண்டிருப்போம் என்று நான் சொல்லமாட்டேன். சிகிச்சையால் திக்கல் நன்றாகக் குறையலாம். கொஞ்சம் கூடவே இருக்கவும் கூடும். அப்படி இருந்தாலும் அவன் நினைத்ததை நினைத்தவரிடம் சொல்லிப் பழகிவிட்டால், அது அவனுடைய படிப்பையோ தொழிலையோ தடுக்க வேண்டியதில்லை.

அதனால் எனக்குத் திக்கலைவிடக் கவலை தருவது அவன் ஒளிப்பதுதான். கண்ணை இறுக்கி மூடுவது, சிக்கிய சொல்லைத் தள்ளி வெளியே எடுக்க அவன் தானாகக் கண்டுபிடித்த வழி. கையை உயர்த்துவது, சொல்லையே தவிர்க்கும் வழி. குளியலறை, ஆளையே தவிர்க்கும் வழி. இது வளர்ந்தால், திக்காத பிள்ளைபோலத் தெரிவான், ஆனால் பாதியைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருப்பான். இப்படி வளர்ந்த பெரியவர்கள் என்னிடம் வருகிறார்கள். கடையில் தேத்தண்ணி வேண்டும் என்றாலும், வாயில் எளிதாக வருகிறது என்பதற்காகக் கோப்பி கேட்டுக் குடிக்கிறவர்கள். உங்கள் மகன் அந்த இடத்துக்குப் போகத் தேவையில்லை.

வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது, "மெதுவாய்ச் சொல்லு", "மூச்சை இழுத்துவிட்டுச் சொல்லு", "யோசிச்சுச் சொல்லு" என்பவை. மாமி பாசத்தில்தான் சொல்கிறார் என்று தெரியும். ஆனால் அவன் என்ன சொன்னான் என்பது போய், எப்படிச் சொன்னான் என்பதற்கு மார்க்ஸ் போடுவதாகத்தான் பிள்ளைக்குப் படும். அவன் முடிக்க முன் சொல்லை எடுத்துக் கொடுப்பதும் அப்படித்தான். மாமியைக் குறை சொல்லாமல், "டொக்டர்மார் இப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள், நீங்களும் உதவி செய்யுங்கோ" என்று அவரையும் கூட்டுச் சேருங்கள். பாட்டிமார் மாறினால் வீடே மாறிவிடும், பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

அவனை மெதுவாகப் பேசச் சொல்வதற்குப் பதிலாக நீங்கள் மெதுவாகப் பேசுங்கள். அவன் முடித்தபின் ஓரிரு வினாடி விட்டுப் பதில் சொல்லுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், சிக்கும்போது கண்ணை எடுக்க வேண்டாம். பாடசாலையிலிருந்து வந்தவுடன் "என்ன படிச்சனி? யாரோட விளையாடினனி? டீச்சர் என்ன சொன்னவ?" என்று கேள்விகளை அடுக்காமல், உங்கள் நாளைப் பற்றி ஒரு கதை சொல்லித் தொடங்கினால் அவனாகவே தன் கதைக்கு வருவான். தம்பி குறுக்கே புகுந்தால், "அண்ணா சொல்லி முடிக்கட்டும், பிறகு நீ" என்று இருவருக்கும் முறை வையுங்கள். கிழமையில் சில நாட்கள், ஐந்து நிமிடமாவது, தொலைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு அவனோடு மட்டும், அவன் தெரிவு செய்த விளையாட்டை விளையாடுங்கள். லண்டனில் திக்கலுக்கென்றே இயங்கும் ஒரு சிகிச்சை நிலையம் பெற்றோருக்குக் கற்பிக்கும் முறையிலும் இந்த ஐந்து நிமிடத்துக்கு முக்கிய இடமிருக்கிறது. அதில் பேச்சுப் பயிற்சி எதுவும் இல்லை.

அப்புறம், திக்கலைப் பற்றி வீட்டில் வாய்விட்டுக் கதையுங்கள். நாம் கதைக்காவிட்டால் அவனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைக்கிறோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். யாரும் பேசாததால் அது ஏதோ வெட்கப்பட வேண்டிய விஷயம் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். நன்றாகச் சிக்கிய ஒரு நேரத்தில், "அந்தச் சொல் வரக் கஷ்டப்பட்டது என்ன? பரவாயில்லை, நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றால் போதும்.

இதற்கு உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார், சித்தப்பா. எந்தச் சிகிச்சையாளராலும் கொடுக்க முடியாத ஒன்றை அவரால் கொடுக்க முடியும். அவரும் இத்தனை வருடம் பேசாமல் இருந்தவர் என்பதால் முதலில் அவருக்குத் தயக்கம் இருக்கும், வற்புறுத்த வேண்டாம். மகனுக்கு உதவி தேவைப்படுகிறது என்று கணவர் மூலம் கேட்டுப் பாருங்கள். அவர் வந்து, தனக்குப் பள்ளிக்கூடத்தில் எந்தச் சொல் கஷ்டமாக இருந்தது, இன்று வேலையிடத்தில் திக்கினால் என்ன செய்கிறார் என்று, ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல அல்ல, தன்னைப் போன்ற ஒருவனிடம் சொல்வதுபோல் சொல்லட்டும். திக்கித் திக்கியே சொல்லட்டும். தான் ஒருவன் மட்டும் இல்லை என்று அறிவது அந்த வயதில் எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தொலைபேசி, திக்குகிற பலருக்கும் கஷ்டமானது. மறுபக்கத்தில் முகம் தெரியாது, மௌனம் விழுந்தால் "ஹலோ, ஹலோ, கேட்குதா?" என்பார்கள். கட்டாரிலிருந்து அழைக்கும் அப்பாவுக்கு இடைவேளை முடியப்போகிறது என்ற அவசரமும் இருக்கும். "கெதியா வா, அப்பாவுக்கு நேரமில்லை" என்று கூப்பிட்டால் அவன் ஓடத்தான் செய்வான். வேலை நாளில் கட்டாயப்படுத்த வேண்டாம். லீவு நாளில் வட்ஸ்அப் வீடியோவில், அவன் படம் கீறும்போதோ சாப்பிடும்போதோ போனைப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அப்பா கேள்வி கேட்காமல் தான் சமைத்தது, அறையில் நடந்தது என்று கதை சொல்லட்டும். மகன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும் அது அப்பாவோடு இருந்ததாகவே கணக்கு. பேசத் தொடங்கினால், எவ்வளவு நேரம் சிக்கினாலும் அப்பா காத்திருக்க வேண்டும். இந்தப் பதிலை அவருக்கும் அனுப்பி வையுங்கள்.

பாடசாலையில் இடாப்பு விஷயத்தை முதலில் தீருங்கள். சொந்தப் பெயர், "வந்திருக்கிறேன்" போன்றவை மாற்றிச் சொல்ல வழியில்லாத சொற்கள், வகுப்பே காத்திருக்கும் நேரம் வேறு. தன் முறை வரும்வரை அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பான். வகுப்பு ஆசிரியையைத் தனியாகச் சந்தித்து, இடாப்பில் எப்படிப் பதில் சொல்ல விருப்பம் என்று அவனிடமே கேட்கச் சொல்லுங்கள். வாசிப்பில் அவனை முற்றாக விட்டுவிடக் கூடாது. விட்டால் தான் வேண்டாதவன் என்று நினைப்பான். ஒரு நண்பனோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்க விடலாம், பிறகு தனியாக ஒரு வசனம் என்று கூட்டலாம். "கொன்னை" என்று பட்டம் சொல்லும் பிள்ளைகள் இருந்தால் ஆசிரியை தலையிட வேண்டும், அது அவன் தாங்கிப் பழக வேண்டிய ஒன்றல்ல. அதோடு, "ஓம், எனக்குத் திக்கும். அதுக்கென்ன?" என்று சொல்ல அவனுக்கு வீட்டில் பழக்கிவிடுங்கள். இப்படிச் சொல்லக்கூடிய பிள்ளையைக் கேலி செய்வதில் மற்றவர்களுக்குச் சுவை குறைந்துவிடும்.

பேச்சுப் போட்டி? விடுங்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி, அவனே போய்ப் பெயர் கொடுத்தான் என்பது. தொலைபேசிக்கு ஓடி ஒளிகிற அதே பிள்ளைதான் மேடைக்கும் ஆசைப்படுகிறான். அந்த ஆசையை நாம் காப்பாற்ற வேண்டும். விஷயத்தை அவனே தெரிவு செய்யட்டும். திக்காமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பிழிய வேண்டாம். ஆசிரியையிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: நேரம் முடிந்தது என்று மணி அடிக்கக் கூடாது, சிக்கினால் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கக் கூடாது, அவன் முடிக்கும்வரை சபை காத்திருக்க வேண்டும். இறங்கி வந்ததும் "இன்றைக்குத் திக்கவே இல்லையே" என்று பாராட்டாதீர்கள். அடுத்த முறை திக்கினால் தோற்றதாக எண்ணிவிடுவான். அவன் சொன்ன விஷயத்தில் உங்களுக்கு எது பிடித்தது என்று சொல்லுங்கள். கடைசி நேரத்தில் அவனுக்கே வேண்டாம் என்றால் அதற்கும் சரி என்று சொல்லுங்கள், அந்த முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

சிகிச்சைக்கு, அரச வைத்தியசாலைகளின் பேச்சு மொழி சிகிச்சைப் பிரிவுகளில் பணம் கட்டத் தேவையில்லை. பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இருக்கிறது, உங்களுக்குக் கிட்டவாகக் களுபோவில வைத்தியசாலையிலும் இருக்கிறது. குடும்ப வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் எளிது. தனியாரிடம் போவதென்றால் இத்துறையில் பட்டம் பெற்றவரா என்று கேளுங்கள். களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இதற்கான பட்டப்படிப்பு நடக்கிறது. தமிழில் சிகிச்சை செய்கிறவர்கள் நாட்டில் போதாது, இது எங்கள் துறையின் பெருங்குறை. தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றாலும் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டு வீட்டில் தமிழில் செய்யலாம். தூரத்திலுள்ள தமிழ்ச் சிகிச்சையாளரிடம் வீடியோ அழைப்பில் பெறுவதும் நல்ல வழிதான்.

அங்கே என்ன நடக்கும்? ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குச் சிட்னியில் உருவாக்கப்பட்ட லிட்கம் முறை பரவலாகப் பயன்படுகிறது. சரளமாக வந்த பேச்சை அன்றாடம் இதமாகப் பாராட்டப் பெற்றோருக்கே அதில் பயிற்சி கொடுப்பார்கள். போட்டிக்குப் பிறகு அப்படிப் பாராட்ட வேண்டாம் என்று மேலே சொன்னதோடு இது முரண்படுவதாகத் தோன்றலாம். அந்தமுறையில் எப்போது, எவ்வளவு பாராட்டுவது என்பது சிகிச்சையாளர் கிழமைக்குக் கிழமை பார்த்து அளந்து கொடுக்கும் விஷயம். நாமாகத் தொடங்கக் கூடாது. உங்கள் மகனின் வயதில் பெரும்பாலும், சிக்கும் இடத்தில் தள்ளாமல் இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது, சொல்லை மென்மையாகத் தொடங்குவது போன்றவற்றைப் பழக்குவார்கள். பேசப் பயப்படும் மனத்தோடும் வேலை செய்வார்கள். சில மாதங்கள் எடுக்கும், நடுவில் கூடிக் குறையும்.

இதை வாசிக்கும், இன்னும் சின்னப் பிள்ளைகள் உள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "நான்... நான்... நான் போய்" என்று முழுச் சொல்லை அலட்டிக்கொள்ளாமல் திருப்பிச் சொல்வது சின்ன வயதில் சாதாரணம். "க்-க்-க்கடை" என்று எழுத்தில் சிக்குவது, "ம்ம்ம்மாமா" என்று இழுப்பது, சத்தமின்றி நிற்பது, முகம் இறுகுவது வேறு. பிள்ளை அதை உணர்ந்து வருந்தினாலோ, குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ போய்க் காட்டுங்கள். தலையில் அடிபட்டபின் அல்லது வலிப்பு வந்தபின் திடீரென்று பேச்சு மாறினால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

சகோதரி, கிளினிக்குக்குப் போக முன் மகனோடு சாதாரணமாகக் கதைப்பதைச் சில நிமிடம் கைபேசியில் பதிவு செய்து வையுங்கள். நன்றாகத் திக்கிய நாள் ஒன்று, திக்காத நாள் ஒன்று, இரண்டும் வேண்டும், ஏனென்றால் புது இடத்தில் பிள்ளைகள் சில நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் பேசிவிடுவார்கள். பதிவு செய்வதை அவனுக்குச் சொல்லிவிட்டே செய்யுங்கள். இடாப்பு விஷயத்தை மட்டும் கிளினிக் நாள் வரும்வரை வைத்திருக்காமல் இந்தக் கிழமையே டீச்சரோடு கதைத்துவிடுங்கள்.